எதிலும் பிடிப்பில்லாத பதின்வயது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு, பிடித்ததெல்லாம் ஒரு கட்டத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. மருத்துவத்தில் இதை அன்ஹெடோனியா என்பார்கள். பருவமடைதலுக்கும் சிறுவயதில் பட்ட மன அழுத்தத்துக்கும் இதில் என்ன பங்கு என்பதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்பவை இங்கே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வீடுகளில் நடக்கும் பாதிச் சண்டை அங்கேதான் இருக்கிறது.

1. எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பதும் மனச்சோர்வும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய உறவு. மனச்சோர்வு நோயைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில் இரண்டுதான் மையமானவை: ஒன்று, நீங்காத சோகம், மற்றொன்று, ஆர்வமும் இன்பமும் குறைந்துபோவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரம் தொடர வேண்டும். வளரிளம் பருவத்தினருக்குச் சோகத்துக்குப் பதில் எரிச்சலும் கணக்கில் சேரும்.

ஆக, ஒரு பிள்ளை ஒருநாளும் அழாமல், சோகமாக இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லாமல், மனச்சோர்வில் இருக்க முடியும். பெற்றோர் அழுகையை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். பிள்ளையோ "ஒண்ணுமில்ல, போரடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மனச்சோர்வு இல்லாமலும் இது வரலாம்: போதைப் பழக்கம், பெரும் அதிர்ச்சிக்குப் பின்னான மனநிலை, மனச்சிதைவு நோயின் தொடக்கம் ஆகியவற்றிலும் இதே வறட்சி தெரியும். அதனால்தான் இதைப் பார்த்துவிட்டு நாமே ஒரு நோயின் பெயரை ஒட்டிவிடக் கூடாது.

2. இந்த வயதில் எல்லாரும் இப்படித்தானே இருக்கிறார்கள்? எப்படி வித்தியாசம் தெரிந்துகொள்வது?

ரசனை மாறுவது வேறு, ரசனையே வற்றுவது வேறு. கிரிக்கெட்டை விட்டுவிட்டு கீபோர்டைப் பிடித்துக்கொண்டால் அது வளர்ச்சி. அம்மா அப்பாவோடு கோயிலுக்கு வர மறுத்துவிட்டு நண்பர்களோடு சுற்றினாலும் வளர்ச்சிதான், பிடிக்கிறதோ இல்லையோ. ஒன்றை விட்ட இடத்தில் இன்னொன்று வரவே இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

இன்னொரு அடையாளம், எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வற்றுவது: நண்பர்கள், சாப்பாடு, பாட்டு, விளையாட்டு, பண்டிகைத் துணி எல்லாம். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நண்பன் போன் வந்ததும் மலர்ந்துவிடும் பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நண்பன் அழைத்தாலும் எடுக்காத பிள்ளையைக் கவனியுங்கள்.

3. கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனால் சிரிக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் மறுமுறை கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். நடிக்கிறானா?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் அநியாயமாகத் திட்டு வாங்குகிறார்கள்.

நாம் "இன்பம்" என்று ஒரே பெயரில் சொல்வது மூளைக்குள் குறைந்தது மூன்று வேலைகள். ஒன்றை நினைத்து ஆசைப்பட்டு அதற்காக எழுந்து நடப்பது முதலாவது. அது கையில் கிடைத்தபோது ரசிப்பது இரண்டாவது. கிடைத்த அனுபவத்தை நினைவில் வைத்து அடுத்த முறை நாடுவது மூன்றாவது. இந்த மூன்றும் தனித்தனியாகப் பழுதாகலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழு 1989-இல் எலிகளை வைத்து இதைக் காட்டியது. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள், எதிரிலேயே உணவு இருந்தும் தாமாகப் போய்ச் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரைக் கரைசலை நாக்கில் விட்டபோது மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி ரசித்தன. ஆசைப்படுவதற்கு டோபமைன் தேவை. ரசிப்பதற்குப் பெரும்பாலும் வேறு வேதிப்பொருட்கள், குறிப்பாக மூளையே சுரக்கும், அபின் போன்ற ஓபியாய்டுகள் போதும்.

மனிதர்களிடமும் இதன் சாயல் தெரிகிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இனிப்புக் கரைசலைக் கொடுத்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டால், பல ஆய்வுகளில் மற்றவர்கள் சொல்லும் அளவையே சொல்கிறார்கள். ஆனால் ஒரு பொத்தானைச் சுண்டுவிரலால் வேகமாகப் பலமுறை தட்டினால் கூடுதல் பணம், சும்மா கொஞ்சம் தட்டினால் குறைந்த பணம் என்று வைத்தால், கடினமான வழியைத் தேர்ந்தெடுப்பது அவர்களிடம் குறைவாக இருக்கிறது. பணம் வேண்டாம் என்பதல்ல. அதற்காக முயற்சி செய்வது மதிப்புள்ளதாகத் தோன்றவில்லை.

உங்கள் பையனுக்கும் இதுவே நடந்திருக்கலாம். ரசிக்கும் பகுதி வேலை செய்கிறது, கிளம்பும் பகுதி செய்யவில்லை. "அன்னைக்கு மட்டும் எப்படிச் சிரிச்ச?" என்று கேட்டு அவனை மடக்குவதில் பயனில்லை. அன்று சிரித்தான் என்பது நல்ல செய்தி. சிகிச்சைக்கு அதுவே பிடிமானம்.

4. பருவமடையும்போது மூளையில் என்னதான் மாறுகிறது?

வெளியே தெரிவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் மெல்ல விழிக்கின்றன. அப்புறம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் துடிப்புத் துடிப்பாகச் செய்தி அனுப்ப ஆரம்பிக்கிறது. முதலில் இரவுத் தூக்கத்தில்தான் இது நடக்கும். அதைக் கேட்டு அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியும், பிட்யூட்டரியைக் கேட்டுச் சூலகமோ விதைப்பையோ ஹார்மோன் சுரக்கும். பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாற்றம் தொடங்குவது இயல்பு. மாதவிடாய் அந்த வரிசையில் பின்னால் வருவது. நாம் அதைத்தான் தொடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் உடம்போடு நின்றுவிடுவதில்லை. மூளையின் ஆழத்தில், பரிசையும் மகிழ்ச்சியையும் எடைபோடும் வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியையும், அதற்கு டோபமைன் அனுப்பும் செல்களையும் அவை தொடுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் 8 முதல் 27 வயது வரையிலான 299 பேரை ஸ்கேன் செய்து, ஈராண்டு கழித்து அவர்களில் பெரும்பாலோரை மீண்டும் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, பரிசுக்கு இந்தப் பகுதி காட்டும் துடிப்பு பதின்வயதில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதோடு இந்தத் துடிப்பும் ஏறுகிறது.

எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை. பிட்ஸ்பர்கில் எரிக்கா ஃபோர்ப்ஸ் குழு 2010-இல் வெளியிட்டதில், பருவ வளர்ச்சியில் முன்னே சென்ற பிள்ளைகளிடம் பரிசு கிடைத்த நேரத்தில் ஸ்ட்ரையாட்டத்தின் துடிப்பு குறைவாகவும், முன்மூளையின் நடுப்பகுதித் துடிப்பு அதிகமாகவும் இருந்தது. பரிசை எதிர்பார்க்கும் நொடியை அளக்கிறோமா, கிடைத்த நொடியை அளக்கிறோமா, வயதைப் பார்க்கிறோமா, பருவ நிலையைப் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வது ஒன்றுண்டு: இந்த வயதில் பரிசை எடைபோடும் அந்த நரம்புச் சுற்று திருத்தி அமைக்கப்படுகிறது.

5. பிள்ளை மனம் மாறுவதற்குக் காரணம் வயதா, பருவமா?

இந்தக் கேள்விக்கு அழகான ஒரு பதில் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதிப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் ஆய்வு என்று பெயர். மனச்சோர்வு சிறுவயதில் ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. பதின்மூன்றை ஒட்டிப் பெண்களிடம் ஏறத் தொடங்கி, பிறகு இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. ஏட்ரியன் ஆங்கோல்டும் ஜேன் கோஸ்டெல்லோவும் 1998-இல் காட்டியது, இந்த ஏற்றம் வயதைவிடப் பருவ நிலையோடுதான் ஒட்டிப் போகிறது என்பதை. மருத்துவர்கள் பருவ வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். மூன்றாம் நிலையைத் தாண்டும்போது பெண்களிடம் மனச்சோர்வு கூடியது. அடுத்த ஆண்டு அதே குழு ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தபோது, உடல் தோற்றத்தைக் காட்டிலும் ஹார்மோன் அளவே நெருக்கமாகப் பொருந்தியது.

அதனால் "எல்லாம் ஹார்மோன் படுத்தும் பாடு" என்று முடித்துவிடலாமா? கூடாது. எல்லாப் பெண்களுக்கும்தான் ஹார்மோன் ஏறுகிறது. பெரும்பாலோர் மனச்சோர்வுக்குப் போவதில்லை. யார் போகிறார்கள் என்பதை முடிவு செய்வதில், அதற்கு முன் நடந்தவைக்கும் அப்போது சுற்றி இருப்பவைக்கும் பெரிய பங்கு.

6. சிறுவயது மன அழுத்தம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

1998-இல் அமெரிக்காவில் கைசர் மருத்துவ நிறுவனமும் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து வெளியிட்ட பெரிய ஆய்வுதான் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது என்று ஒரு பட்டியல். எத்தனை கூடுகிறதோ அத்தனை நோய் கூடியது. எண்ணிப் பார்ப்பதற்கு அது எளிது. ஆனால் அடியும் கவனிப்பின்மையும் ஒரே மாதிரியான காயமல்ல.

பின்னால் வந்தவர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அச்சுறுத்தல்: அடி, மிரட்டல், வன்முறை. இன்னொரு பக்கம் இல்லாமை: பேச ஆளில்லை, தூக்கிக் கொஞ்ச ஆளில்லை, அழுதால் வருவாரில்லை. மூன்றாவதாக நிச்சயமின்மை: இன்று கொஞ்சல், நாளை அதே காரியத்துக்கு அடி. மேலோட்டமாகச் சொன்னால், அச்சுறுத்தல் பயத்தின் சுற்றையும், இல்லாமையும் நிச்சயமின்மையும் இன்பத்தின் சுற்றையும் அதிகம் தொடுகின்றன. கோடு இவ்வளவு நேராக இருக்காது. பல வீடுகளில் மூன்றும் சேர்ந்தேதான் வரும்.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஏழ்மை என்பது புறக்கணிப்பு அல்ல. கூலி வேலைக்குப் போய்வந்து, பாட்டி மடியில் பிள்ளையை வளர்த்தவர்கள் தங்களைக் குற்றவாளியாக நினைக்க இந்த ஆய்வுகளில் எந்தக் காரணமும் இல்லை.

7. குழந்தையாக இருந்தபோது நடந்தது, நினைவிலேயே இல்லாதது, பதினான்கு வயதில் எப்படி இன்பத்தைத் தொடும்?

நினைவு தேவையில்லை. சுற்று எப்படி அமைகிறது என்பதே மாறுகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் அர்வைன் நகரில் ஆய்வு செய்யும் டாக்டர் டாலி பாரம். தாய் எலிக்குக் கூடு கட்டப் போதிய பஞ்சு கொடுக்காமல், குட்டிகள் பிறந்த இரண்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை மட்டும் விட்டுவைத்தார்கள். தாய் குட்டிகளை விட்டுப் போகவில்லை. நக்கித் தருவதும் பாலூட்டுவதும் மொத்தக் கணக்கில் பெரிதாகக் குறையவும் இல்லை. ஆனால் எல்லாம் துண்டு துண்டாக, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாதபடி ஆகிவிட்டது.

அந்தக் குட்டிகள் வளர்ந்து பதின்வயது எலிகளானபோது, ஆண் எலிகள் சர்க்கரைத் தண்ணீரை மற்றவற்றைப் போல நாடவில்லை. தோழர்களோடு புரண்டு விளையாடுவதும் குறைந்தது. பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் அழுத்த ஹார்மோனைத் தூண்டும் சி.ஆர்.எச். என்ற மூலக்கூறு அதிகமாகியிருந்தது. அதை உண்டாக்கும் மரபணுவின் குரலைக் கொஞ்சம் அடக்கியதும் இன்பம் திரும்பியது என்று 2018-இல் வெளியிட்டார்கள். பயத்துக்கான கம்பியும் மகிழ்ச்சிக்கான கம்பியும் சேரக் கூடாத விதத்தில் சேர்ந்துவிட்டன என்பது அவர்கள் விளக்கம். பெண் எலிகளின் கதை வேறு: அவற்றிடம் இன்பம் வற்றுவதற்குப் பதிலாக, ருசியான உணவுக்கும் ஓபியாய்டு மருந்துக்கும் ஏக்கம் கூடியது. எலியில் கண்டதை அப்படியே வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் பாசத்தின் அளவு மட்டும் போதாது, அது எப்போது வரும் என்று தெரிந்திருப்பதும் முக்கியம் என்ற செய்தி மனிதர்களிடம் செய்த ஆய்வுகளிலும் வந்துகொண்டிருக்கிறது.

8. அப்படியானால் ஏழெட்டு வயதில் நன்றாக இருந்த பிள்ளை ஏன் திடீரென்று மாறுகிறது?

திடீரென்று விழவில்லை, ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை. ஜேமி ஹான்சன், அகமது ஹரிரி, டக்ளஸ் வில்லியம்சன் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 11 முதல் 15 வயதுக்குள் இருந்த 106 பிள்ளைகளை ஈராண்டு இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்தார்கள். உணர்வு ரீதியாகப் புறக்கணிக்கப்பட்டு வளர்ந்தவர்களிடம், பரிசுக்கு வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் காட்டும் துடிப்பு மற்றவர்களைப் போல வளரவில்லை. அந்தத் தேக்கத்தோடு மனச்சோர்வு அறிகுறிகளும் சேர்ந்து வந்தன. ஒரே வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கோடை விடுமுறையில் உயரமாகித் திரும்பும்போது ஒருவன் மட்டும் போன வருட உயரத்தில் நின்றால் எப்படிக் குள்ளமாகத் தெரிவானோ, அப்படி.

ஐரோப்பாவில் சுமார் 2,000 பதின்வயதினரைத் தொடரும் இமேஜன் ஆய்விலிருந்து வந்த தகவல் இதோடு சேர்கிறது. பதினான்கு வயதில் பரிசை எதிர்பார்க்கும் நொடியில் இந்தப் பகுதி மந்தமாக இருந்தவர்களில், பதினாறு வயதில் மனச்சோர்வுக்குப் போகும் வாய்ப்பு கூடியிருந்தது. அந்த மந்தம் ஆர்வமின்மையோடு பொருந்தியது, சோகத்தோடு பொருந்தவில்லை. முதல் கேள்வியில் இரண்டையும் பிரித்துச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு வழியில். குடும்பத்தில் கடும் அழுத்தம் இருந்தால் உடல் பருவத்தை முன்னுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று ஜே பெல்ஸ்கியும் அவரது கூட்டாளிகளும் 1991-லேயே ஒரு கருத்தை முன்வைத்தார்கள். 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வன்முறையும் மிரட்டலும்தான் சீக்கிரப் பருவத்தோடு பொருந்தின, கவனிப்பின்மை பொருந்தவில்லை. இன்னொரு வழி, சீக்கிரம் பருவமடைவதே ஒரு சுமை. தோழிகளுக்கு முன்பே உடல் மாறிய பத்து வயதுச் சிறுமியைப் பெரியவர்கள் பார்க்கும் விதம் மாறிவிடும். அதைத் தாங்கும் மனம் அவளுக்கு இன்னும் வந்திருக்காது.

ஆனால் ஒரு பெண் சீக்கிரம் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதை வைத்து அவள் வீட்டைச் சந்தேகப்படாதீர்கள். உடல் எடை, உணவு, பரம்பரை எல்லாம் இதில் பெரிய கைகள்.

10. நம் ஊரில் பெண் வயதுக்கு வந்ததும் நிறைய மாறிவிடுகிறதே. அதற்கும் பங்கு உண்டா?

இதை நேராக அளந்த ஆய்வை வைத்து நான் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றிலிருந்து வரும் யோசனை இது. மஞ்சள் நீராட்டு முடிந்த மறுவாரம் பல வீடுகளில் என்ன நடக்கிறது? சைக்கிள் நிற்கிறது. மாலையில் தெருவில் விளையாடுவது நிற்கிறது. பையன்களோடு பேச்சு நிற்கிறது. "இனிமே நீ பெரிய மனுஷி" என்ற ஒரு வரியில், அவளுக்கு மகிழ்ச்சி தந்த பாதி வழிகள் அடைபடுகின்றன. மூளை எதை நாடலாம் என்று புதிதாகக் கற்றுக்கொள்ளும் அதே மாதங்களில் இது நடக்கிறது. சடங்கைக் குறை சொல்லவில்லை. பல பெண்களுக்கு அது தன்னைக் கொண்டாடிய நாள். அதற்கடுத்து வரும் பட்டியலைத்தான் சொல்கிறேன். சைக்கிளைத் திருப்பிக் கொடுங்கள்.

பையன்களுக்கு அடைப்பு வேறு இடத்தில். குரல் உடைந்ததும் மடியில் படுப்பதும் கட்டிப்பிடிப்பதும் நின்றுவிடுகின்றன, அழுதால் கேலி.

11. படிப்புச் சுமையும் தூக்கக் குறைவும்?

பருவம் வந்ததும் உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது; பலருக்கு இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது. இது திமிர் அல்ல, உடலியல். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஐந்தரைக்கு டியூஷன் வைத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? தூக்கம் குறைந்தால் மறுநாள் முதலில் அடிபடுவது நல்ல உணர்வுகள்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விளையாட்டையும் பாட்டு வகுப்பையும் ஒரே நாளில் நிறுத்துவது வழக்கம். ஓர் ஆண்டு முழுக்கப் பிடித்த எதையும் செய்யாத பிள்ளைக்கு, பரீட்சை முடிந்த மறுநாள் ஆர்வம் தானாக வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

12. எல்லாம் அந்தப் போனால்தான், இல்லையா?

சில பிள்ளைகளுக்கு இருக்கலாம். பல பேருக்குத் திசை தலைகீழ்: எழுந்து போக மனமில்லாதவருக்கு, முயற்சியே இல்லாமல் கிடைப்பது திரை ஒன்றுதான். பிடுங்கி வைப்பதற்கு முன், அந்த இடத்தில் வேறென்ன இருக்கப்போகிறது என்று பாருங்கள். "டோபமைன் டிடாக்ஸ்" என்று வீடியோக்களில் விற்பதை நம்ப வேண்டாம். டோபமைன் கழுவி வெளியேற்றும் நஞ்சல்ல.

13. சிறுவயதில் பட்டது பட்டதுதானா? பருவத்தில் அது சரியாக வாய்ப்பு உண்டா?

உண்டு. இந்தத் துறையில் நம்பிக்கை தரும் பகுதி இதுவே.

ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி இருந்தார்கள். உணவு கிடைத்தது, முகம் பார்த்துப் பேச ஆளில்லை. புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் தொடங்கிய ஆய்வில், விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் சீட்டுக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதில் பார்த்தபோது, விடுதியிலேயே விடப்பட்டவர்களின் உடல் மன அழுத்தத்துக்கு மந்தமாகவே பதில் தந்தது. சிறுவயதிலேயே, அதாவது சுமார் இரண்டு வயதுக்கு முன், குடும்பத்துக்குப் போனவர்கள் இயல்பான பிள்ளைகளை நெருங்கியிருந்தார்கள்.

அப்படியானால் இரண்டு வயதோடு கதவு மூடிவிட்டதா என்று பலரும் பயந்தார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் குழு 2019-இல் வேறொன்றைக் காட்டியது. பல நாட்டு அநாதை இல்லங்களிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப்போன பிள்ளைகளை அவர்கள் பார்த்தார்கள். பருவத்துக்கு முன், அந்நியர் முன் பேசச் சொன்னால் இவர்களுக்கு அழுத்த ஹார்மோனான கார்டிசால் மற்றவர்களைப் போல ஏறவில்லை. ஆண்டுக்கணக்கில் நல்ல வீட்டில் இருந்தும் அப்படித்தான். பருவம் முன்னேற முன்னேற அது மெல்ல ஏறி, தாய் தந்தையோடு பிறந்ததிலிருந்து வளர்ந்த பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டது. பருவம் ஒரு மறுசீரமைப்பு வாய்ப்பைத் திறக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கார்டிசால் இயல்புக்கு வந்தால் மகிழ்ச்சியும் வந்துவிட்டது என்று பொருளல்ல. இவை வெவ்வேறு சுற்றுகள். அப்புறம், மறுசீரமைப்பு அப்போதைய சூழலைப் பார்த்து நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் பாதுகாப்பான வீட்டில் இருந்தார்கள். பருவத்தில் வீடு கொந்தளிப்பாக இருந்தால் அதற்கேற்பவும் சுற்று அமையலாம். சிறுவயதைத் திருத்த முடியாது, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இந்த வருடத்தைத் திருத்தலாம்.

14. ஸ்கேன் எடுத்தால், ரத்தம் பார்த்தால் தெரியுமா?

ஸ்கேனில் தெரியாது. மேலே சொன்னவை கூட்டத்தின் சராசரி; தனி ஒருவருக்குச் சொல்லும் துல்லியம் இல்லை. யாராவது மூளை ஸ்கேனில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். ரத்தம் பார்ப்பது நல்லது, வேறு காரணத்துக்காக. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே களைப்பையும் பிடிப்பின்மையையும் தரும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

15. சிகிச்சை என்ன? மாத்திரை போட்டே ஆக வேண்டுமா?

லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையில் தொடங்குவார்கள். இந்த அறிகுறிக்கு நேராகப் பொருந்துவது செயல்தூண்டல் முறை. மனம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் செயலை முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது. மனம் பின்னால் வரும். செய்வதற்கு முன் "இது எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், முடித்த பிறகு இன்னொன்று. முன்னால் இரண்டு போட்ட பிள்ளை பின்னால் ஐந்து போடும்போது, தன் எதிர்பார்ப்பு தன்னை ஏமாற்றுகிறது என்பதை அதுவே காகிதத்தில் பார்க்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன கிளம்பும் பகுதிக்கு இதுதான் பயிற்சி. எளிய முறை என்பதால் ஏளனம் வேண்டாம். கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே பெரியவர்களின் மனச்சோர்வுக்கு இந்த முறையைக் கொடுத்து பலன் கண்டது 2017-இல் வெளியானது.

நடுத்தரம் முதல் கடுமை என்றால் மருந்தும் வரும். 439 பதின்வயதினரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் (2004), பன்னிரண்டு வாரத்தில் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவோக்ஸெடினும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதமும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 61 சதவீதமும், பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43 சதவீதமும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதமும் முன்னேறினார்கள். ஆனால் முதல் மருந்துக்கு அடங்காத பதின்வயதினரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், இன்பமின்மை அதிகம் இருந்தவர்களே தாமதமாகக் குணமானார்கள். சிலருக்கு இவ்வகை மருந்துகளே உணர்வை மழுங்கடிக்கும். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 முதல் எச்சரிக்கை அச்சிடச் சொல்கிறது. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

16. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

"சோம்பேறி", "உனக்கென்ன குறை வெச்சோம்" இரண்டையும் நிறுத்துவது முதல் வேலை. குறை இருக்கிறது என்று பிள்ளை சொல்லவே இல்லையே.

சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், நீங்கள் வீடு திரும்பும் நேரம் ஆகியவை ஓரளவு ஒரே மாதிரி இருக்கட்டும். கோபம் வந்தாலும் அதன் அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருக்கட்டும். "வாடா, மெரினாவுக்குப் போகலாம்" என்பது பெரிய அழைப்பு. "கடை வரைக்கும் வண்டியில வர்றியா, பத்து நிமிஷம்" என்பது நடக்கக்கூடியது. வர மறுத்தால் சரி என்று விட்டுவிட்டு, மறுநாளும் அதே குரலில் கூப்பிடுங்கள். வந்தால், போய்வந்த பிறகு "பார்த்தியா, நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிக் காட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அடுத்த பயணத்தைக் கெடுத்துவிடும்.

17. எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்? எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பள்ளியோ சாப்பாடோ தூக்கமோ கெட்டுப்போனால் போக வேண்டும். குரல் கேட்கிறது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று சொன்னாலோ, போதைப்பொருள் சந்தேகம் இருந்தாலோ தாமதிக்காதீர்கள். "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, உடலில் கீறல்கள் இவற்றைப் பார்த்தால் அன்றே போங்கள்; பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பது பாதுகாப்பானது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளியாகவே காட்டலாம். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-உம் உண்டு. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பிள்ளை பேச மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.